மருந்தும் வாய்மையும்

மருத்துவம் பற்றிய வினாக்கள் யாவும் மருத்துவருக்கே உரியவை என்று கருதுவது நம்மிடையே வேரூன்றிய ஒரு பழக்கம். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது அவர் கற்று அறிய வேண்டியதே. ஆயின், பயன் தராது என்று தெரிந்த மருந்தைக் கேட்பதும் கொடுப்பதும் தகுமா என்பது மருத்துவ நூல் மட்டும் விடையிறுக்கக்கூடிய வினா அன்று. அது வாய்மை பற்றியது. ஒருவர் மற்றவர்க்குக் கடமைப்பட்டிருப்பதன் எல்லை எதுவென்பது பற்றியது. ஆதலின் அஃது அறவியல் வினா. தடிமன், இன்புளுவென்சா என்னும் இரு நோய்களையும் நுண்ணுயிர்க்கொல்லி என நாம் வழங்கும் மருந்துகளையும் முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊரிலும் நிகழ்வதொன்றுண்டு. பள்ளிக்கூடம் சென்ற பிள்ளை தடிமனோடு வீடு திரும்பும். இரண்டொரு நாளில் வீடு முழுவதும் தும்மும். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரும் வேது பிடித்தலும் முதலில் நடைபெறும். மூன்றாம் நாளும் மூக்கொழுகல் நில்லாவிடின் மருத்துவ நிலையத்துக்கோ, நேரே மருந்துக்கடைக்கோ செல்வர். அங்கே கேட்கப்படுவது உடல்நோவுக்கு ஆறுதலான மருந்து அன்று. "பிள்ளைக்குச் சோதினை வருகுது, நல்ல மருந்தாய்த் தாருங்கோ" என்பதே வேண்டுகோள். நல்ல மருந்து என்பதன் பொருள் கிருமியைக் கொல்லும் மருந்து. அமொக்சிசிலினோ அசித்திரோமைசினோ கிடைத்தவர் மனநிறைவுடன் மீள்வர்; பனடோல் மட்டும் பெற்றவர் அடுத்த முறை வேறு மருத்துவரை நாடுவர். இந்தச் சிறு கொடுக்கல் வாங்கலில் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று கேட்கலாம். அதற்கு விடை காணுமுன் உண்மை நிலையைத் தெளிதல் வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் வரலாறே இன்புளுவென்சாவோடு ஒரு விந்தையான முறையில் பின்னிக் கிடக்கின்றது. இன்புளுவென்சாவைத் தோற்றுவிப்பது ஒரு வகைப் பற்றீரியா என்று ஜெர்மனிய அறிஞரான பைபர் 1892 இல் அறிவித்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட 1918 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போதும் மருத்துவ உலகிற் பலர் அக்கருத்தையே கொண்டிருந்தனர். 1928 இல் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1929 இல் அதுபற்றி வெளியிட்ட முதற் கட்டுரையில் அதற்குக் காட்டிய பயன்களுள் ஒன்று, பைபரின் அந்தப் பற்றீரியாவை வேறுபடுத்திப் பிரித்தெடுக்க அது உதவும் என்பது. வளர்ப்பூடகத்தில் ஏனைய பற்றீரியாக்கள் பெனிசிலினால் அழிய, 'இன்புளுவென்சாக் கிருமி' எனப்பட்டது மட்டும் அழியாமல் எஞ்சி நின்றமையே அதற்குக் காரணம். 1933 இல் சிமித், அன்றூஸ், லெயிட்லோ என்னும் மூவர் இன்புளுவென்சாவின் உண்மைக் காரணி ஒரு வைரசு என்பதை நிலைநாட்டினர். முதல் நுண்ணுயிர்க்கொல்லி தன் பிறப்பிலேயே தவறாக இனங்காணப்பட்ட இன்புளுவென்சாக் கிருமியையும் கொல்லவில்லை. உண்மையான காரணியையோ அதனால் தொடவும் இயலாது.

இயலாமைக்குக் காரணம் மருந்தின் வலிமைக்குறைவு அன்று. மருந்து சென்று தாக்கத்தக்க இடமே வைரசில் இல்லாமை. பற்றீரியா ஒரு தனிக் குடித்தனம் போன்றது. அதற்கெனச் சுற்றுவேலி உண்டு; அடுப்பு உண்டு; தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவிகள் உண்டு. பெனிசிலினும் அதன் வழிவந்த அமொக்சிசிலினும் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பன. வேலி சரிந்ததும் உட்கலம் வெடித்து அழியும். தெத்திராசைக்கிளின், அசித்திரோமைசின் போன்றவை புரதம் ஆக்கும் அடுப்பை அணைப்பன. சிப்புரோபுளொக்சசின் வகையின மரபுப்பொருளைப் படியெடுக்கும் கருவியை முடக்குவன. மனித உடற்கலத்துக்கு அத்தகைய வேலி இல்லை. அதன் அடுப்பும் வேறு அமைப்பினது. எனவேதான் இம்மருந்துகள் பற்றீரியாவை அழித்து மனிதனை விட்டுவைக்கின்றன. வைரசோ குடித்தனமே அற்றது. அது புரத உறையில் இடப்பட்ட ஒரு கட்டளைச் சீட்டு. நம் கலத்தினுள் நுழைந்து, நம் அடுப்பிலேயே தனக்குச் சமைத்துக்கொள்வது. தகர்ப்பதற்கு அதனிடம் வேலி இல்லை. அணைப்பதற்கு அதற்கென ஓர் அடுப்பும் இல்லை. தடிமனுக்குக் காரணமான இருநூறுக்கு மேற்பட்ட வைரசுகளுள் எதற்கும் இந்நியதி பொருந்தும்.

இங்கே நமது மொழியின் இடர்ப்பாடு ஒன்றையும் கருதல் வேண்டும். 'கிருமி' என்னும் ஒரே சொல்லால் புழுவையும் பற்றீரியாவையும் வைரசையும் நாம் குறிக்கின்றோம். 'நுண்ணுயிர்க்கொல்லி' என்னும் பெயரும் நுண்ணிய உயிர் அனைத்தையும் கொல்வது என்று பொருள்படுமாறே அமைந்துள்ளது. தடிமன் கிருமியால் வருவது, இம்மருந்து கிருமியைக் கொல்வது, ஆகவே இம்மருந்து தடிமனைத் தீர்ப்பது என்று ஒருவர் முடிவு கொண்டால் அவரது தருக்கத்திற் பிழை காண்பது அரிது. பிழை, ஒரு சொல் இரு பொருளில் நிற்பதிலேயே உள்ளது. நாம் அறியாமை என்று எள்ளுவதில் ஒரு பகுதி மொழி விளைத்த மயக்கமாகும்.

மயக்கத்தை உறுதிப்படுத்துவது அனுபவம். தடிமன் பெரும்பாலும் ஏழு முதற் பத்து நாட்களுள் தானாகவே மாறுவது. மூன்றாம் நாள் துன்பம் உச்சநிலை அடையும்; மருந்தை நாடுவதும் அந்நாளிலேயே. அதற்குப் பிறகு எதை உட்கொண்டாலும், உட்கொள்ளாவிடினும், துன்பம் தணியத்தான் செய்யும். தணிந்ததும் புகழ் மருந்தைச் சேர்கின்றது. காகம் அமரப் பனம்பழம் வீழ்ந்த செய்தியை நம் தருக்க நூலார் காகதாலிய நியாயம் என்பர். பனைகளின் நாட்டில் வாழும் நமக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பழம் வீழ்ந்தது காகத்தின் பாரத்தால் அன்று, முற்றிய காம்பினால். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நாட்டுவதற்கு, அஃது உள்ளபோது இஃது உண்டாதலோடு, அஃது இல்லாதபோது இஃது இன்மையும் காட்டப்படல் வேண்டும் என்பது அன்வயம், வெதிரேகம் எனச் சைவ சித்தாந்த அளவை நூல்களும் பயிலும் முறை. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஒப்புநோக்கும் இக்கால ஆய்வு முறை அவ்வெதிரேகச் சோதனையின் விரிவு எனலாம். தடிமன் பற்றி நிகழ்ந்த அத்தகைய ஆய்வுகளின் முடிபு தெளிவானது. நுண்ணுயிர்க்கொல்லி உண்டவர் விரைவிற் சுகமடையவில்லை. அவர்களுள் வளர்ந்தோரிடையே பக்க விளைவுகள் கூடுதலாயின.

உண்மை இதுவாயின், இனி அற வினாவுக்கு வருவோம். மருத்துவர் சார்பில் எடுத்துரைக்கத்தக்க வாதம் ஒன்றுண்டு. நோயாளி அச்சத்தோடு வருகிறார். மருந்தொன்று கையிற் கிடைத்தால் அச்சம் நீங்குகிறது. மனம் ஆறினால் உடலும் ஓரளவு ஆறும். வெற்றுக் குளிசையாலும் நோவு தணிவதுண்டு என்பது மருத்துவ ஆய்வாளரும் ஒப்புக்கொண்டதே. அவ்வாறாயின், பயனற்ற மருந்தைப் பயனுடையது போற் கொடுப்பது அன்பின் பாற்பட்ட ஒரு சிறு பொய்யாகாதா? வள்ளுவரே பொய்ம்மை வாய்மையின் இடத்தைப் பெறக்கூடிய சந்தர்ப்பம் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார் அல்லவா?

ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அப்பொய்யால் விளையும் நன்மை குற்றமற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. வாதத்தின் வலிமை முழுவதும் இந்நிபந்தனையைப் பொறுத்தது. நுண்ணுயிர்க்கொல்லி வெற்றுக் குளிசை அன்று. தடிமனுக்கு மட்டுமே அது வெறுமையானது, உடலுக்கு அவ்வாறன்று. வயிற்றோட்டமும் தோற்கொப்புளங்களும் அதனால் உண்டாகலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும் நேரலாம். இவை நோயாளிக்கு நேரும் தீங்குகள். எனினும் இவற்றினும் பெரியது, அந்த அறையில் இல்லாத ஒருவருக்கு நேரும் தீங்கு.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் கூறுவார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். ஈராயிரம் ஆண்டளவாக இந்நான்கும் போதுமானவையாகவே இருந்தன. மல்லிக் குடிநீரை ஒருவர் எத்தனை முறை அருந்தினாலும் அயலவரின் குடிநீர் அதனால் வலுவிழப்பதில்லை. நோவு தணிக்கும் குளிசை உண்பவரும் பிறருடைய குளிசையைக் கெடுப்பதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றே இதற்குப் புறநடை. ஒருவர் உண்பது மற்றொருவர்க்கு அம்மருந்து பயன்படுவதைக் குறைக்கின்றது. ஆகவே இம்மருந்தைப் பொறுத்தவரை ஐந்தாவது உறுப்பு ஒன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டியவராகின்றோம். இன்று நம் கண்முன் இல்லாத, நாளை நோயுறப்போகும் அந்நியரே அவர். அவரை ஐந்தாமவர் என்று அழைக்கலாம்.

ஐந்தாமவர்க்குத் தீங்கு நேரும் வழி இது. நம் குடலிலும் தொண்டையிலும் தோலிலும் கோடானுகோடி பற்றீரியாக்கள் எந்நேரமும் வாழ்கின்றன. தடிமனுக்கென விழுங்கிய மருந்து தடிமன் வைரசைத் தொடாவிடினும் இவற்றைத் தாக்கும். மருந்துக்கு எளிதிற் பணிவன மடியும். தற்செயலாக எதிர்க்கும் ஆற்றல் பெற்றவை எஞ்சி, வெறுமையான இடத்தில் தாமே பெருகும். அவ்வாற்றலைத் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி அயலிலுள்ள வேற்றினப் பற்றீரியாக்களுக்கும் அவை கையளிக்க வல்லன. பின்னர் கைவழி, நீர்வழி, உணவுவழி அவை பிறரைச் சென்றடையும். 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று நாம் கூறுவது தவறு. பழகியது நம் உடம்பன்று, பற்றீரியா. நம் உடம்பு மட்டும் பழகியிருப்பின் இழப்பு நம்மோடு முடிந்திருக்கும்.

பிளெமிங் இதனை முன்னரே கண்டிருந்தார். 1945 இல் நோபெல் பரிசுச் சொற்பொழிவில் அவர் ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டைநோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதிய அளவின்றி உண்கிறார் ஒருவர், எதிர்ப்பாற்றல் பெற்ற பற்றீரியா அவரிடமிருந்து அவர் மனைவியைத் தொற்றுகிறது, நியூமோனியாவுற்ற மனைவிக்குப் பெனிசிலின் பயன்படாது போகிறது, அவர் இறக்கிறார். அந்த மரணத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது பிளெமிங் எழுப்பிய கேள்வி. குறைந்த அளவில் உண்பதன் ஆபத்தையே அவர் கருதினார். தேவையற்று உண்பதும் அதே விளைவுக்கு வழிகோலும் என்பது பின்னர் தெளிவாகியது. அவர் கதையில் ஐந்தாமவர் மனைவியாதலால் பொறுப்பு எளிதில் விளங்குகின்றது. அவர் அயலூரிலோ அடுத்த தலைமுறையிலோ இருப்பாராயின் நம் மனச்சான்று உறங்கிவிடுகின்றது. வேறுபாடு தொலைவில்தான் உள்ளது; செயலில் இல்லை. 2019 ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாத் தொற்றுக்களை நேர்க்காரணமாகக் கொண்டு உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022 இல் வெளிவந்த விரிவான ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

குடாநாட்டவராகிய நமக்கு இவ்வாபத்தை அண்மையிற் கொண்டுவந்து காட்டக்கூடியது நெருப்புக்காய்ச்சல். சுண்ணக்கற் பாறையினூடே கழிவு எளிதிற் கசியும் நிலத்தில், கிணறும் மலகூடமும் ஒரே வளவினுள் அமையும் ஊர்களில், அந்நோய் நெடுங்காலம் நம்மோடு வாழ்ந்து வந்துள்ளது. அதற்குக் காரணம் ஒரு பற்றீரியா. எனவே அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி உயிர்காக்கும் மருந்து. முன்னர் குளோரம்பெனிக்கோல் அதனைத் தீர்த்தது. அது உலகின் பல பாகங்களிற் பயனிழந்தது. பின் வந்த சிப்புரோபுளொக்சசினும் தென்னாசியாவிற் பெருமளவு பயனிழந்தது. 2016 இல் பாக்கிசுத்தானின் சிந்து மாகாணத்திற் பரவத் தொடங்கிய நெருப்புக்காய்ச்சல், ஊசிவழி ஏற்றும் செப்திறையட்சோனையும் எதிர்த்தது. வாய்வழி கொடுக்கத்தக்கதாய் அங்கே எஞ்சி நின்ற மருந்து அசித்திரோமைசின் ஒன்றே. தடிமனுக்கென மூன்று நாட்களுக்கு வாங்கி விழுங்கப்படும் அதே அசித்திரோமைசின். ஐந்தாமவர் வெறுங் கற்பனை அல்லர். நெருப்புக்காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு பிள்ளையாக அவர் இருக்கலாம்.

இந்த உறவை விளக்க நம் நிலமே ஓர் உவமை தருகின்றது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கற் படையின் உள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. கிணறு ஒவ்வொன்றும் ஒவ்வொருவர்க்குச் சொந்தம். உறுதியும் அவரவர் பெயரில் உண்டு. ஆயினும் கீழே உள்ள நீர் ஒன்றே. துலா இறைத்த காலத்தில் மனிதக் கையின் வலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் எல்லை அகன்றது. மிகையாக இறைத்த இடங்களிற் கீழிருந்த உவர் மேலெழுந்தது. என் கிணற்றில் நான் இறைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பவர், அயற்கிணறு உவர்த்தபின் தம் கிணறும் உவர்ப்பதைக் காண்பார். நுண்ணுயிர்க்கொல்லியின் ஆற்றலும் அவ்வாறே பொதுவில் உள்ள ஒரு நன்னீர். குளிசை என் பணத்தில் வாங்கியது. அதன் ஆற்றல் எனக்கு மட்டும் உரியதன்று.

எல்லோரும் செய்தால் தானே தன்னை அழித்துக்கொள்ளும் செயல் ஒருவர்க்கும் தகாது என்பது ஜெர்மனிய மெய்யியலாளர் கான்ற் வகுத்த அளவுகோல். எவரும் காப்பாற்றக் கருதாமலே வாக்குறுதி கொடுக்கும் உலகில் வாக்குறுதி என்பதே இராது என்று அவர் காட்டினார். எல்லோரும் தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி உண்ணும் உலகில் நுண்ணுயிர்க்கொல்லி என்பதே இராது. வள்ளுவர் வைத்த நிபந்தனையும் கான்றின் அளவுகோலும் வெவ்வேறு வழிகளால் வந்து ஒரே இடத்திற் கூடுகின்றன. இப்பொய்யின் நன்மை குற்றமற்றதன்று. ஆகவே அது வாய்மையின் இடத்தைப் பெறாது.

இவ்விடத்தில் மிக வலிய மறுப்பொன்றை எதிர்கொள்ளல் வேண்டும். எல்லாக் காய்ச்சலும் வைரசுக் காய்ச்சல் என்று யார் உறுதி கூறுவார்? 2024 நவம்பர் இறுதியிற் பெங்கல் புயலை ஒட்டிப் பெய்த பெருமழையால் குடாநாட்டின் வயல்களும் தாழ்நிலங்களும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. டிசெம்பர் முற்பகுதியில் வடமராட்சிப் பகுதியிற் பலர் காய்ச்சலுற்றனர். சிலருக்கு மூச்சுத்திணறலும் ஏற்பட்டது. சில நாட்களுள் ஏழு பேர் இறந்தனர். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் எனப் பேசப்பட்ட அந்நோய், ஆய்வுகூடச் சோதனைகளின் பின் எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர்வழி உடலில் நுழையும் பற்றீரியாவே அதன் காரணி. தொடக்கத்தில் அதுவும் உடல்நோவு, தலையிடி, காய்ச்சல் என்றே வரும். ஆபத்துக்குள்ளான விவசாயிகளுக்கு முற்காப்பாக நுண்ணுயிர்க்கொல்லி வழங்கப்பட்டது. அவ்வாறாயின், காய்ச்சல் என்றதும் எல்லோர்க்கும் அம்மருந்தைக் கொடுத்துவிடுதல் பாதுகாப்பன்றோ?

இம்மறுப்பை எளிதில் ஒதுக்கலாகாது; உயிரிழந்தோர் நம் அயலவர். ஆயினும் அந்நிகழ்வு காட்டும் பாடம் வேறு. அக்காய்ச்சல் தடிமனோ இன்புளுவென்சாவோ அன்று. அதனை வேறுபடுத்தியது, வயலில் நின்றாரா, வெள்ளத்தில் இறங்கினாரா, காலிற் புண் உண்டா என்னும் கேள்விகளும் குருதிச் சோதனையுமே. வயலில் வேலை செய்தவர்க்கு மருந்து கொடுக்கப்பட்டது ஊகத்தால் அன்று, குறித்த காரணத்தால். நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காலம் முதல் நாம் அறிந்த ஒழுங்கு. ஆராயாமல் எல்லோர்க்கும் கொடுப்பது அவ்வொழுங்கைக் கைவிடுவதாகும். எதற்கும் ஒரு பாதுகாப்பாக என்று கொடுப்பதன் பெறுபேற்றைக் கொவிட் காலத்திற் கண்டோம். அந்நோயால் மருத்துவமனை சேர்ந்தோருள் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. பற்றீரியாத் தொற்றும் உடனிருந்தவர் 8 விழுக்காட்டினரே என்று உலக சுகாதார நிறுவனம் 2024 இல் அறிவித்தது. எலிக்காய்ச்சலுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் மருந்து வேண்டும் என்பதே, தடிமனுக்கு அதனைச் செலவிடலாகாது என்பதற்குரிய மிகச் சிறந்த நியாயம்.

தடிமனையும் இன்புளுவென்சாவையும் தொடர்ந்து பற்றீரியாவால் நியூமோனியாவோ காதுச்சீழோ உண்டாகலாம் என்பதும் உண்மை. 1918 இன் மரணங்களிற் பெரும்பாலானவை அத்தகைய பின்தொடர் நியூமோனியாவால் நேர்ந்தவை என்று ஆய்வாளர் கருதுவர். மூச்சுத்திணறல், தணிந்து மீண்டும் ஏறும் காய்ச்சல், பிள்ளை உணவும் நீரும் மறுத்துச் சோர்தல் ஆகியன கண்டால் தாமதமின்றி மருத்துவமனையை நாடுதல் வேண்டும். இன்புளுவென்சாவுக்குத் தடுப்பூசியும் உண்டு. கடுமையான நிலையில் வைரசுக்கெதிரான தனி மருந்தும் உண்டு. எனவே வாய்மையுடைய மருத்துவர் கூற வேண்டியது 'மருந்து இல்லை, போங்கள்' என்பதன்று. நோய் இன்னது, இத்தனை நாள் நீடிக்கும், இந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வாருங்கள் என்பது. நிச்சயமின்மையை ஒளிக்காமற் சொல்வதும் வாய்மையே. அச்சம் பொய்யான குளிசையால் மட்டும் நீங்குவதன்று. நம்பத்தக்க சொல்லாலும் நீங்கும்.

ஆயின் அச்சொல்லைச் சொல்ல நேரம் வேண்டும். கேட்பவர்க்கு வசதியும் வேண்டும். மாலை வேளையில் நாற்பது பேர் காத்திருக்கும் மருத்துவர்க்கு விளக்கம் கூறுவதிலும் துண்டு எழுதுவது எளிது. நாட்கூலி பெறும் ஒருவர், திரும்பி வாருங்கள் என்றால் இன்னொரு நாட் கூலியை இழக்க வேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடையால் மருந்துக்கு ஏங்கிய மக்கள், 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த மக்கள், கிடைக்கும்போதே மருந்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவாராயின் அதில் வியப்பில்லை. ஆகவே முழுப் பழியையும் நோயாளிமீது சுமத்துவது நீதியன்று. மருத்துவர் துண்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கலாகாது என்பது நாட்டின் சட்டம். அதனை மீறி விற்பவர் அறியாதவர் அல்லர். அறிந்தவரின் பொறுப்பு அறியாதவரின் பொறுப்பிலும் பெரிது.

பொறுப்பினை அறிந்து நடந்தோரின் வரலாறும் நமக்கு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் எனத் துறைதோறும் தமிழ் நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் உருவாயின. மருத்துவ உண்மை மக்களின் மொழியில் இல்லாதவிடத்து அது மக்களுக்கு உண்மையாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. பற்றீரியாவுக்கும் வைரசுக்கும் இடையிலான வேறுபாடு பாடநூலிற் கிடக்கின்றது. மருந்துக்கடை வாயிலில் வழங்கும் தமிழில் இன்னும் இல்லை. மற்றொருவர் சேனக பிபிலே. மருந்தியற் பேராசிரியரான அவர், எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு இணைந்து 1971 இல் அளித்த அறிக்கையால், தேவையான மருந்துகளை மட்டும் பொதுப்பெயரில் இறக்குமதி செய்யும் கொள்கைக்கு வழிவகுத்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதன் பயனாய் எழுந்தது. மருந்து வெறும் விற்பனைப் பண்டமன்று, சமுதாயப் பொறுப்பில் வைக்கப்பட வேண்டியது என்பது அவர் நிலைப்பாடு. உண்மையை மக்களின் மொழியில் வைத்தவர் ஒருவர்; மருந்தை மக்களின் பொறுப்பில் வைக்க முயன்றவர் மற்றவர். தடிமனும் நுண்ணுயிர்க்கொல்லியும் பற்றிய சிக்கலுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

பல்கலைக்கழகத்தார்க்கு இதில் ஒரு தனிக் கடமை உண்டு. வீட்டிலே காய்ச்சல் வந்தால், 'நீ படித்தவன், சொல்லு' என்று பெற்றாரும் அயலவரும் கேட்பது நம்மையே. அவ்வேளையில் மருந்துக்கடைக்கு ஓடிச் சென்று நல்ல மருந்து கேட்டு வாங்கி வருவது எளிது. அதனைப் பாசம் என்றும் கூறிக்கொள்ளலாம். மல்லிக் குடிநீரும் ஓய்வும் போதும், நான்காம் நாள் மீண்டும் பார்ப்போம் என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பது கடினம். வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பு, அருகிருந்து பணிசெய்பவர், இங்கே நாமே. பயனற்ற குளிசை பல வேளைகளில் அந்த நான்காமவர் செலவிட விரும்பாத நேரத்துக்கு ஈடாகவே கொடுக்கப்படுகின்றது.

அறம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கண்முன் நிற்பவர்க்குச் செய்வதையே கருதுவர். ஈகையும் விருந்தோம்பலும் முகம் நோக்கிச் செய்யும் அறங்கள். முகம் தெரியாதவர்க்கு, நன்றி கூற வராதவர்க்கு, தமக்கு ஒன்று செய்யப்பட்டதென்றே அறியாதவர்க்குச் செய்வது அரிய அறம். தடிமனுற்ற ஒருவர், தமக்குத் தேவையில்லை என்று அறிந்து ஒரு மருந்தை வேண்டாமல் விடும்போது அத்தகைய அறமொன்று ஓசையின்றி நிகழ்கின்றது. அவர் இழப்பது ஒன்றுமில்லை. ஏழு நாளில் மாறவேண்டிய தடிமன் ஏழு நாளில் மாறும். காப்பாற்றப்படுவது மட்டும் எங்கோ ஓருயிராக இருக்கலாம்.